சைக்கிள் டிஸ்க் பிரேக் கத்துகிறதா? எண்ணெய்க் குப்பியைத் தொடாதீர்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காலை ஷிப்டு தொடங்கும் நேரத்தில் ஏதாவதொரு தொழிற்சாலை கேட் அருகே நின்று பாருங்கள். ரயில் நிலையத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் சைக்கிள்கள் வந்தபடி இருக்கும். முன்பெல்லாம் அத்தனையும் கறுப்புச் சைக்கிள். 1949-ல் உருவான டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ வண்டிகளை இந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. ரிம்மை ரப்பர் கட்டை பிடிக்கும். கட்டை தேய்ந்தால் புதுக் கட்டை போடுவோம், வேலை முடிந்தது. இப்போது பிள்ளைகள் வாங்கும் கியர் சைக்கிள்களில் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. நன்றாகப் பிடிக்கிறது, மழையிலும் கைவிடுவதில்லை. ஆனால் கேட்டில் நிறுத்தும்போது பல வண்டிகள் கிரீச்சென்று அலறுகின்றன.

அந்த அலறலில் பெரும்பகுதியை வீட்டு வாசலிலேயே சரிசெய்துவிடலாம். நானும் அப்படித்தான் பழகினேன். தேவையான சாமான் கொஞ்சம்தான்: அலன் கீ செட், நல்ல வெள்ளைத் துணி, ஒரு சின்ன பாட்டில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு உப்புத்தாள்.

1. கையை வைப்பதற்கு முன் காதைக் கொடுங்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் காரணம் வேறு. பிரேக் பிடிக்கும்போது மட்டும் 'கிரீச்' என்றால் டிஸ்க்கிலோ அதைப் பிடிக்கும் பேடிலோ அழுக்கு அல்லது எண்ணெய். பிரேக் பிடிக்காமல் ஓடும்போதே 'ஸ்… ஸ்… ஸ்…' என்று சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை உரசினால் டிஸ்க் கோணியிருக்கிறது. விடாமல் ஒரே சீராக உரசினால் பேடுகளைத் தாங்கும் காலிப்பர் நடுவில் உட்காரவில்லை. 'கொர கொர'வென்று இரும்பும் இரும்பும் அரைப்பது போலக் கேட்டால் பேடு முழுதாகத் தேய்ந்து தகடு டிஸ்க்கைத் தின்கிறது. அப்போதே இறங்கி அந்த பிரேக்கை விட்டுவிடுங்கள். பிடித்தவுடன் 'டக்' என்று ஒரே ஒரு தட்டல் வந்தால் ஏதோ ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது. முன்னா பின்னா என்று தெரியாவிட்டால், ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டி ஒவ்வொரு லீவராகத் தனித்தனியே பிடித்துப் பாருங்கள்.

2. எந்தச் சத்தமானாலும் டிஸ்க்கில் எண்ணெய் விடாதீர்கள். கதவுக் கீல் கத்தினால் எண்ணெய், தையல் மிஷின் கத்தினால் எண்ணெய், கிணற்று ராட்டினம் கத்தினால் எண்ணெய் என்று வளர்ந்தவர்கள் நாம். கை தானாகக் குப்பிக்குப் போகும். நானும் என் மகன் வண்டிக்கு அப்படி இரண்டு சொட்டு விட்டேன். சத்தம் நின்றது. மறுநாள் காலை அவன் ஜிஎன்டி சாலையைக் கடக்க பிரேக் பிடித்தபோது வண்டி நிற்கவேயில்லை. காலை ஊன்றி, செருப்பு தேய, டிரெய்லர் லாரிக்கு இரண்டடி முன்னால் நிறுத்தினான். சத்தம் அடங்கினால் பிரேக் சரியாகிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டது எவ்வளவு பெரிய தவறு என்று அன்று புரிந்தது. டிஸ்க் பிரேக் உரசலால்தான் நிற்கிறது. எண்ணெயின் வேலையே உரசலைக் குறைப்பது. அன்று ஊற்றிய எண்ணெய் பேடுக்குள் ஊறிப்போய், சில நாளில் முன்னைவிட மோசமாகக் கத்தவும் தொடங்கியது.

3. எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். நாம் ஊற்றாவிட்டாலும் இந்தப் பகுதியில் அது தானாக வந்து சேரும். சிப்காட் சாலைகளில் லாரி ஒழுகவிட்ட டீசலும் இன்ஜின் ஆயிலும் மழை நீரில் படலமாக மிதக்கும். முன்சக்கரம் அதை வாரி டிஸ்க்கில் அடிக்கும். லேத்தில் நின்றவர் கையில் கூலன்ட் இருக்கும். வேலை முடிந்து சைக்கிளைத் தூக்கி வைக்கும்போது விரல் டிஸ்க்கில் பட்டாலே போதும். தொழிற்சாலையிலிருந்து கொண்டுவரும் பனியன் வேஸ்டில் ஏற்கெனவே கிரீஸ் ஏறியிருக்கும், அதில் துடைப்பதற்குத் துடைக்காமலே விடலாம். எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது செயினுக்கு அடிக்கும் ஸ்பிரே. பின் டிஸ்க் பக்கத்திலேயே இருப்பதால் தூவல் நேராக அதில் படியும். செயினுக்குச் சொட்டுச் சொட்டாக விடும் குப்பியே நல்லது. விட்டபின் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஸ்பிரேதான் கையில் இருக்கிறது என்றால் டிஸ்க்கை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு அடியுங்கள்.

4. துடைக்க எது, எது கூடாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்தான் சரியானது. மருந்துக் கடையில் கிடைக்கும். மொபைல் ரிப்பேர் செய்பவர்கள் போர்டு துடைக்க வைத்திருப்பதும் இதுதான். வெள்ளைத் துணியில் நனைத்து டிஸ்க்கின் இரு பக்கமும் துடையுங்கள். துணியில் கறுப்பு வரும். துணியைத் திருப்பித் திருப்பி, கறுப்பு வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். ஒரே இடத்தால் துடைத்தால் அழுக்கை இடம் மாற்றுகிறோமே தவிர எடுக்கவில்லை. கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் தோல் வறளாமலிருக்கக் கிளிசரின் சேர்த்திருப்பார்கள், அது படலமாகத் தங்கும். சர்ஜிகல் ஸ்பிரிட்டில் சில வகைகளில் ஆமணக்கெண்ணெய் உண்டு. பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள். மண்ணெண்ணெயும் டீசலும் எண்ணெய்ப் பசையை விட்டுச் செல்லும். பெட்ரோல் தீப்பிடிக்கும் ஆபத்துக்காகவே வேண்டாம். ஆல்கஹாலும் தீப்பிடிக்கும்தான். அதனால் அடுப்படியில் வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

5. பேடில் பளபளப்பு ஏறியிருந்தால் உப்புத்தாள். சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரிலிருந்து பேடு இரண்டையும் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல பேடின் முகம் சாக்பீஸ் போல மங்கலாக இருக்கும். கண்ணாடி மாதிரி மினுக்கினால், தேய்ந்த பொருள் மேலே இறுகிப் படிந்திருக்கிறது என்று அர்த்தம். உப்புத்தாளைச் சமமான தரையில் விரித்து வைத்து, பேடை அதன் மேல் எட்டு வடிவில் மெல்லத் தேயுங்கள். தாளைக் கையில் பிடித்துத் தேய்த்தால் முகம் கோணலாகும். மினுக்கு போனதும் நிறுத்திவிடுங்கள். தூளை வாயால் ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

6. எண்ணெய் குடித்த பேடைத் தூக்கிப் போடுங்கள். அதை கேஸ் அடுப்பில் காட்டி எரித்து எடுப்பது ஒரு வழக்கம். ரெசின் பேடு அதில் பிழைக்காது, பசையே கருகிவிடும். உலோகப் பேடு சில நேரம் பிழைக்கும், ஆனால் அந்தப் புகை நாம் சமைக்கும் இடத்தில் பரவ வேண்டியதில்லை. புதுப் பேடு போடுவதற்கு முன் டிஸ்க்கை நன்றாகத் துடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பழைய எண்ணெய் புதுப் பேடுக்கு ஏறிவிடும்.

7. மிச்சம் எவ்வளவு என்று மாதம் ஒருமுறை பாருங்கள். தகட்டை விட்டுவிட்டு, உரசும் பகுதியின் கனத்தை மட்டும் பார்க்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்குக் குறைந்தாலே புதுசு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரை மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றியாக வேண்டும். பழைய பேடைக் கடைக்கு எடுத்துப் போங்கள். பேடின் வடிவம் காலிப்பருக்குக் காலிப்பர் வேறுபடும். பெயர் சொல்லி வாங்கினால் மாறிப்போகும். டிஸ்க்கும் தேயும். புதிதில் பொதுவாக 1.8 மில்லிமீட்டர் கனம் இருக்கும், 1.5-க்கு வந்தால் மாற்ற வேண்டும். பல டிஸ்க்குகளில் இந்த எண்ணையே பொறித்திருப்பார்கள். வீட்டில் அளக்க வழியில்லை என்றால், தொழிற்சாலையில் வேலை பார்க்கும் யாரிடமாவது வெர்னியர் இருக்கும். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

8. விடாமல் உரசினால் முதலில் சக்கரத்தைக் கழற்றி மாட்டுங்கள். பஞ்சர் ஒட்டிவிட்டு அவசரத்தில் மாட்டிய சக்கரம் ஃபோர்க்கில் முழுதாக உட்கார்ந்திருக்காது. வண்டியைத் தரையில் நேராக நிறுத்தி, மேலிருந்து அழுத்தியபடி நட்டையோ விரைவுப்பிடியையோ இறுக்குங்கள். பாதி உரசல் இதிலேயே போய்விடும். போகவில்லை என்றால் காலிப்பரை ஃபோர்க்கோடு பிடித்திருக்கும் இரண்டு போல்டையும் அரைச் சுற்று தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். பிரேக் லீவரை இறுக்கிப் பிடித்து, அப்படியே ஒரு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். காலிப்பர் தானே டிஸ்க்கை நடுவாக்கிக்கொள்ளும். இப்போது மேல் போல்ட் கொஞ்சம், கீழ் போல்ட் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் காலிப்பர் மறுபடி திரும்பிக்கொள்ளும். லீவரை விட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். டிஸ்க்குக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக் காலிப்பர் வழியாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் மெல்லிய வெளிச்சக் கோடு தெரிய வேண்டும். அந்தக் கோட்டைப் பார்த்துப் பழகிவிட்டால் பிறகு எந்த வண்டியையும் சரிசெய்துவிடலாம்.

9. கேபிள் டிஸ்க் என்றால் உள்பக்கப் பேடைக் கவனியுங்கள். விலை குறைந்த வண்டிகளில் வருவது பெரும்பாலும் இதுதான். லீவர் பிடித்தால் வெளிப்பக்கப் பேடு மட்டும் நகர்ந்து, டிஸ்க்கை வளைத்து உள்பேடோடு சேர்த்து நெரிக்கும். உள்பேடு தள்ளி இருந்தால் டிஸ்க் அதிகம் வளையும், அதிரும், கத்தும். ஆரக்கம்பிகளுக்கு இடையே அலன் கீயை விட்டால் உள்பேடைத் திருகும் இடம் அகப்படும். டிஸ்க்கைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி அதைக் கொண்டுவாருங்கள். ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். பேடு தேயத் தேய இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கேபிளை மட்டும் இழுத்து இறுக்கிக்கொண்டே போவது வழி அல்ல.

10. கோணிய டிஸ்க்கை மெதுவாக நிமிர்த்துங்கள். ரயில்வே சைக்கிள் ஸ்டாண்டில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைக்கும்போது அடுத்த வண்டியின் பெடல் இடித்தே பல டிஸ்க் கோணுகிறது. சக்கரத்தைச் சுற்றி, உரசும் இடத்தை மார்க்கரால் ஆரக்கம்பியில் குறித்துக்கொண்டு, சுத்தமான துணி சுற்றிய சின்ன ஸ்பேனரால் எதிர்ப்பக்கம் மெல்ல அசையுங்கள். கொஞ்சம் அசைத்து, சுற்றிப் பார்த்து, மறுபடி அசைக்க வேண்டும். முடியின் கனத்துக் கோட்டம்தான் இது, பலம் காட்டினால் போயிற்று. கண்ணுக்கே பளிச்சென்று தெரியும் மடிப்பு விழுந்திருந்தால் டிஸ்க்கை மாற்றுங்கள்.

11. ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் மெல்லிய தகடு. பேடு பிடித்து வழுக்கி, பிடித்து வழுக்கிப் போகும்போது அது நடுங்குகிறது. கோயில் சேமக்கலத்தைத் தட்டினால் நடுங்குவது போலத்தான். சேமக்கலத்தை உள்ளங்கையால் பிடித்தால் ஒலி அடங்கும். அதுபோல டிஸ்க்கையும் காலிப்பரையும் பிடித்திருக்கும் போல்டுகள் இறுக்கமாக இருந்தால் நடுக்கம் குறையும். ஹப்போடு சேரும் ஆறு போல்டுகளையும் ஒன்றுக்கொன்று எதிரெதிராக இறுக்குங்கள். பிறகு சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்றால் ஹப்பில் கோன் தளர்ந்திருக்கிறது. பழவேற்காடு பக்கத்திலிருந்து வரும் உப்புக் காற்றில் போல்ட் தலைகள் துருவேறி, கீ வழுக்கத் தொடங்கும். அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

12. மழையில் கத்துவதற்குப் பயப்பட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நல்ல பிரேக்கும் கொஞ்சம் அலறும். நான்கைந்து முறை பிடித்துவிட்டால் டிஸ்க் காய்ந்து அடங்கிவிடும். காய்ந்த பிறகும் கத்தினால் சாலை எண்ணெய் ஏறிவிட்டது, நான்காவது குறிப்புக்குப் போங்கள்.

13. என்ன பேடு வாங்குவது? ரெசின் பேடு அமைதியானது, ஆனால் சேற்றிலும் மணலிலும் சீக்கிரம் தேயும். உலோகத் தூளைச் சூட்டில் இறுக்கிச் செய்த பேடு நீண்ட நாள் வரும், மழையிலும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சத்தம் கூடுதல். உலோகம் உலோகத்தோடு உரசினால் அலறும் என்பது டிஸ்க் பிரேக் பிறந்த நாளிலிருந்தே உள்ள தொல்லை. 1902-ல் இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் என்பவர் காருக்கு டிஸ்க் பிரேக் காப்புரிமை வாங்கினார். அதன் உலோகப் பேடுகள் போட்ட சத்தம் பொறுக்க முடியாததாக இருந்தது. சில ஆண்டுகள் கழித்து ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் பேடுக்கு ஆஸ்பெஸ்டாஸ் பூச்சு கொடுத்த பிறகே அடங்கியது. அந்த ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலைக் கெடுப்பது என்று பின்னால் தெரிந்து, வேறு இழைகளும் பசைகளும் வந்தன. பாடியில் பிரேக்ஸ் இந்தியாவிலும் அம்பத்தூரில் ரானே பிரேக் லைனிங்கிலும் வேலை பார்த்தவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. உரசுபொருள் கலவையைப் பற்றி அவர்களைக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். என் முடிவு இது: நம் சமதரைச் சாலைகளுக்கு, தினமும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ரெசினே போதும். உங்கள் டிஸ்க்கில் ரெசின் பேடு மட்டும் போடவும் என்று பொறித்திருந்தால் உலோகப் பேடைப் போடவே கூடாது, டிஸ்க் தேய்ந்துவிடும்.

14. புதுப் பேடைப் பழக்க வேண்டும். இதைச் செய்யாமல் விடுவதால்தான் புது வண்டியே கத்துகிறது. ஞாயிறு காலை போக்குவரத்து இல்லாத சர்வீஸ் சாலையில், 20 கிலோமீட்டர் வேகம் வரை மிதித்து, ஒரு பிரேக்கை மட்டும் சீராக அழுத்தி நடை வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடாது, வண்டி முழுதாக நிற்கவும் கூடாது. இருபது முறை. பிறகு அடுத்த பிரேக்குக்கு இருபது முறை. பேடின் பொருள் டிஸ்க்கில் சமமான மெல்லிய படலமாக ஏறும். பிடிப்பும் அமைதியும் அதிலிருந்துதான் வருகின்றன. நம் ஊரில் ஏற்றம் இறக்கம் என்றால் ரயில்வே மேம்பாலம் மட்டும்தான். மற்ற இடமெல்லாம் லீவரை லேசாகத் தொட்டுத் தொட்டே ஓட்டுகிறோம். அதனால் பேடு சரியாகப் பழகும் வாய்ப்பே அமைவதில்லை, நாமாகத்தான் பழக்க வேண்டும்.

15. ஆயில் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. சக்கரம் கழற்றியிருக்கும்போது லீவரை அழுத்தாதீர்கள், பேடுகள் ஒட்டிக்கொள்ளும். மடித்த அட்டைத் துண்டை இடையில் செருகி வையுங்கள். உள்ளே ஊற்றும் திரவம் இரண்டு வகை, மினரல் ஆயிலும் டாட் திரவமும். லீவரிலோ மூடியிலோ எது என்று எழுதியிருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது போனால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டு முழு பிரேக்கும் போய்விடும். பைக்குக்கு வாங்கிய பிரேக் ஆயில் வீட்டில் இருக்கிறதே என்று ஊற்றிவிடாதீர்கள்.

16. ஆயுத பூஜை அன்று டிஸ்க்கை விட்டுவிடுங்கள். சைக்கிளைக் கழுவி, பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைப்பது நம் வழக்கம். ஹேண்டில்பாரில் வையுங்கள், ஃபிரேமில் வையுங்கள். டிஸ்க் மேல் சந்தனமும் எண்ணெயும் வேண்டாம். தெரியாமல் குழந்தைகள் வைத்துவிட்டால் மறுநாள் வண்டியை எடுக்கும் முன் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். வாட்டர் சர்வீஸில் கொடுத்தால் ஹப்பிலும் காலிப்பரிலும் நேராகப் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

17. விரல் பத்திரம். சுற்றுகிற டிஸ்க்கின் ஓட்டைகளில் விரல் சிக்கினால் துண்டாகவே போய்விடும். சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கும்போது பக்கத்தில் சிறு குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். மேம்பாலத்திலிருந்து இறங்கிய கையோடு டிஸ்க்கைத் தொட்டால் சுட்டுவிடும், சற்று ஆறவிடுங்கள்.

18. கடைக்குக் கொண்டுபோக வேண்டியது எப்போது? லீவர் ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு உள்ளே போனால், காலிப்பரிலிருந்து ஆயில் கசிந்தால், போல்ட் தலை மழுங்கினால், டிஸ்க்கில் வெடிப்பு தெரிந்தால். கடை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். கடையில் "சத்தம் வருதுண்ணா" என்று மட்டும் சொல்லாமல், முன்னா பின்னா, பிடிக்கும்போதா ஓடும்போதா, மழைக்குப் பிறகா என்று விவரமாகச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். பழக்கத்தில் அவர் கை எண்ணெய்க் கேனை எடுத்தால், டிஸ்க்கில் வேண்டாம் அண்ணா, செயினுக்கு மட்டும் என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள்.